ரோல் நம்பர் நாற்பத்திரண்டு

எத்திராஜ் சாரின் வகுப்பில் இருபத்தாறு வருடங்களாக ஒரு மாணவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. கணிதத்தின் வரலாற்றில் இப்படி வேறெங்கும் நடந்ததாகத் தெரியவில்லை. பெரிய பெரிய மேதைகளுக்கெல்லாம் சந்தேகம் வந்திருக்கிறது. சிலர் அது தீராமலே செத்தும் போயிருக்கிறார்கள். ஜோகுபாளையத்தில், பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து இரண்டு திருப்பம் உள்ளே இருக்கும் மூன்று மாடிப் பள்ளிக்கூடத்தில், எட்டாம் வகுப்பு பி பிரிவில் மட்டும் அது வரவில்லை. இதை அவரே சொல்வார். ஸ்டாஃப் ரூமில் சொல்வார், பெற்றோர் கூட்டத்தில் சொல்வார். ஒருமுறை பல் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில் வாயில் பஞ்சோடு சொன்னார்.

"என் கிளாஸ்ல டவுட்டுங்கிற பேச்சே கெடையாது. அந்த அளவுக்குத் தெளிவா நடத்துவேன்."

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். ஒவ்வொரு வரி எழுதியதும் பலகையிலிருந்து திரும்பி, நான்கு மொழிகளில் கேட்பார்: "அண்டர்ஸ்டுட்? அர்த்த ஆய்த்தா? புரிஞ்சுதா? சம்ஜே?" பாடப் புத்தகத்துக்கு ஒன்று, கன்னட மாநிலத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, கடைசி பெஞ்சுக்கு ஒன்று. நாற்பத்தொரு குரல்கள் ஒன்றாக "யெஸ் ஸார்ர்ர்" என்று இழுக்கும். அவர் அடுத்த வரிக்குப் போவார்.

ஜூன் மாதம் புதிதாக வந்த பிள்ளை ஏதாவது, விவரம் தெரியாமல் கையைத் தூக்கிவிடும். அதற்கும் வழி இருந்தது. "வெளிய போய் நின்னு யோசி. ஆன்சர் வந்ததும் உள்ள வா." வெளியே வராந்தாவில் நீல நிறக் குடிதண்ணீர் டிரம் இருக்கும். அதன் பக்கத்தில் நின்று பிள்ளை யோசிக்கும். இருபத்தாறு வருடங்களில் ஆன்சரோடு யாரும் உள்ளே வந்ததில்லை. ஒவ்வொரு முறையும் மணிதான் முதலில் வந்தது. ஜூன் இரண்டாவது வாரத்துக்குள் அந்த வருடத்துச் சந்தேகங்கள் முழுக்கத் தீர்ந்துவிடும்.

எட்டாவதும் பத்தாவதும் அவருக்கு. எட்டாவது பள்ளிக்கூடம் கொடுத்தது. பத்தாவது அவருடைய உயிர். ஆடுகோடியில் அவர் குடியிருக்கும் தெருவில் அவருக்கு எத்திராஜ் என்று பேர் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. "டென்த் சார்" என்றால் பால் பூத்காரர் நூறு ரூபாய் நோட்டுக்கு முகம் சுளிக்காமல் சில்லறை தருவார். கல்யாண மண்டபத்தில் முதல் பந்தியில் இடம் இருக்கும். மனைவி பிரபாவையே "டென்த் மேடம்" என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த அம்மாள் எல்.ஐ.சி.யில் வேலை பார்க்கிறார்.

அப்போதுதான் ஸ்டாண்டர்டு வந்தது.

பள்ளியை நடத்தும் டிரஸ்டுக்கு ஊருக்குள் ஐந்து பள்ளிகள். ஒரு பள்ளியில் ஏழாவது முடித்த பிள்ளை இன்னொரு பள்ளியில் எட்டாவது சேர்ந்தால், இரண்டு பக்கமும் வேறு வேறு கணக்கு. ஐந்துக்கும் சேர்த்து ஒரே தரம், ஒரே பாடத்திட்டம், ஒரே அளவுகோல் என்று முடிவு செய்து ஆரஞ்சு நிற ஃபைல் ஒன்றை ஒவ்வொரு ஆசிரியர் கையிலும் கொடுத்தார்கள். அட்டையில் பெரிதாக 'காமன் ஸ்டாண்டர்டு' என்று இருந்தது.

"எட்டாம் ஸ்டாண்டர்டு தெரியும், ஒம்பதாம் ஸ்டாண்டர்டு தெரியும்" என்றார் சமூக அறிவியல் ஆசிரியை சொர்ணம், ஃபைலைப் புரட்டாமல் கையில் தூக்கிப் பார்த்து. "இது எத்தனாவது ஸ்டாண்டர்டு சார்? வெயிட்ட பாத்தா பி.எச்டி மாதிரி இருக்கு."

ஒன்பதாவது விதியில்தான் எத்திராஜ் சார் சிரிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு டவுட் ரெஜிஸ்டர். பீரியடு ஒன்றுக்குக் குறைந்தது மூன்று டவுட். தேதி, ரோல் நம்பர், டவுட், பதில் என்று நான்கு கட்டம். ஆசிரியருக்கும் பதில் தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுத வேண்டும். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் டிரஸ்டின் ஒருங்கிணைப்பாளர் பதில் எழுதுவார்.

"டாக்டர் க்ளினிக் வாசல்ல நின்னுக்கிட்டு, 'சாமி, இன்னிக்கி மூணு பேருக்காவது வாந்திபேதி வரணும்'னு வேண்டிக்கிற மாதிரி இருக்கு" என்றார். "நல்லா நடத்துற வாத்தியாருக்கு எங்கேருந்துய்யா டவுட் வரும்?"

"உங்களுக்கு வராது சார். பசங்களுக்குதான்" என்றார் சொர்ணம்.

"இந்த கேசவ் பையன் ஒரே வாரத்துல தொண்ணூறு டவுட் எழுதியிருக்கானாம். அப்ப என்ன அர்த்தம்? தொண்ணூறு தடவ தப்பா நடத்தியிருக்கான்."

கேசவ் ஒன்பதாவதுக்குக் கணக்கு எடுக்கும் இளம் ஆசிரியர். அடுத்த மேஜையில்தான் உட்கார்ந்திருந்தார். "தொண்ணூத்தி நாலு சார்" என்று திருத்தினார்.

எத்திராஜ் சார் தன் ரெஜிஸ்டரைத் தினமும் விடாமல் எழுதினார். மூன்று பதிவு வேண்டும் என்பதால் மூன்று வரி எழுதினார். இல்லை. இல்லை. இல்லை.

டிசம்பரில் ஒருங்கிணைப்பாளர் வந்தார். ஸ்ரீலக்ஷ்மி என்று பெயர். முப்பது, முப்பத்தொன்று வயது இருக்கும். பருத்திப் புடவை, தோளில் துணிப்பை. எட்டாவது பி-யின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நாற்பது நிமிடமும் தாளில் சிறு சிறு கோடுகளாகப் போட்டுக்கொண்டிருந்தார். பாடத்தைக் குறிப்பு எடுக்கிறாள் என்று எத்திராஜ் சார் நினைத்து, அவளுக்காகவே இரண்டு முறை நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

மணி அடித்ததும் ஸ்ரீலக்ஷ்மி எழுந்து வந்தார்.

"சார், முப்பத்தோரு தடவ 'புரிஞ்சுதா'ன்னு கேட்டீங்க. ஒவ்வொரு தடவையும் நாலு லாங்வேஜ்."

"நூத்தி இருபத்திநாலு" என்றார் எத்திராஜ் சார் உடனே. கணக்கு ஆசிரியர் அல்லவா. "ஒண்ணுக்கு ஒன்றரை செகண்டுன்னு வெச்சுக்கிட்டா மூணு நிமிஷம் ஆறு செகண்டு."

"முப்பத்தோரு தடவையும் யெஸ் சார்னுதான் பதில் வந்துது."

"அதான் தெளிவு."

"நான் இந்த ஸ்கூல்தான் சார். எய்ட் பி."

"அப்படியா? என் ஸ்டூடண்ட்டா நீ?" என்று அவளை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா படிச்ச பிள்ளையா இருந்தா ஞாபகம் இருந்திருக்குமே."

ஸ்ரீலக்ஷ்மி தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். மறுநாள் ஹெட்மாஸ்டர் மேஜைக்கு மதிப்பீடு வந்தது. நான்குக்கு ஒன்று.

ஹெட்மாஸ்டர் கோவிந்தப்பா நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்லும்போது பிஸ்கட் கொடுப்பார். அன்றைக்கு இரண்டு கொடுத்தார்.

"எத்திராஜ் அவரே, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் விட்டுக் குடுங்க. டிரஸ்ட் ரூல் இது, நான் பண்ணது இல்ல. மூணுக்குக் கம்மி இருந்தா அடுத்த வருஷம் டென்த் குடுக்க ஆகல்ல. ஜனவரில லிஸ்ட் போகணும். இல்லாட்டி டென்த் கேசவுக்கு."

"கேசவுக்கு?"

"கேசவுக்கு" என்றார் கோவிந்தப்பா, மூன்றாவது பிஸ்கட்டைத் தள்ளியபடி.

அன்று மாலை பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் எத்திராஜ் சார் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனார். டென்த் சார் எய்த் சாராக ஆவதை நினைத்துப் பார்த்தார். பால் பூத்காரர் சில்லறை இல்லை என்று சொல்வது காதில் கேட்டது. ஆடுகோடி நிறுத்தத்தில் இறங்கும்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. பாடம் நடத்தும்போதுகூட அவ்வளவு தெளிவாக அவர் இருந்ததில்லை. அந்தப் பெண்ணை அழ வைக்க வேண்டும். அவள் கொண்டுவந்த ஃபைலாலேயே அழ வைக்க வேண்டும்.

அதற்காக அந்த ஃபைலை முதல் முறையாகப் படித்தார். நூற்றுப் பன்னிரண்டு பக்கம், அடிக்குறிப்பு உட்பட. பதினான்காவது விதியில் கிடைத்தது: ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். வகுப்பைத் தேர்வு செய்வது பள்ளியின் உரிமை. மதிப்பெண் போடுவது அந்த வகுப்பின் ஆசிரியர்.

எத்திராஜ் சார் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். மேலே 'நோக்கம்' என்று எழுதி அடிக்கோடிட்டு, 'பழி' என்று எழுதினார். கால அளவு: மூன்று வாரம். துணைக் கருவிகள்: நாற்பத்தொரு மாணவர்கள். செயல்முறை: ஆளுக்கு ஒரு டவுட். மதிப்பீடு: அவள் முகம். இருபத்தாறு வருடங்களில் அவர் எழுதிய முதல் பாடத்திட்டம் அது.

மறுநாள் கடைசி இருபது நிமிடத்தில் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"இன்னிலேருந்து எல்லாரும் டவுட் கேக்கணும்."

முதல் பெஞ்சு ஷ்ரேயாஸ் மெதுவாக வாசல் பக்கம், டிரம்மைப் பார்த்தான்.

"பயப்படாத. கேளு."

"என்ன டவுட் சார் கேக்கணும்?"

"உனக்கு எது தெரியலையோ அத கேளு."

"எது தெரியலன்னு தெரியல சார்."

நான்கு நாள் இப்படியே போனது. இருபத்தாறு வருடத் தெளிவை நான்கு நாளில் கலைப்பது எளிதல்ல. ஐந்தாவது நாள் லாவண்யா என்ற பெண் எழுந்து, கண்ணை மூடிக்கொண்டு, "பின்னத்த பின்னத்தால வகுக்கும்போது ரெண்டாவத ஏன் சார் தலகீழா திருப்புறோம்?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

"எங்க போற? உக்காரு! சூப்பர் டவுட்!"

அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. பாதிப் பேருக்குப் பின்னம் தெரியவில்லை. பதினோரு பேருக்கு தசமப் புள்ளி எதற்கு என்று தெரியவில்லை. ஒரு பையனுக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியவில்லை. மூன்று வருடமாக வாயை மட்டும் அசைத்திருக்கிறான். எத்திராஜ் சார் கிடங்கைத் திறந்து பார்க்கும் தளபதியைப்போல் மகிழ்ந்தார்.

ஆனால் அவர் கறாரானவர். மட்டமான ஆயுதத்தோடு போருக்குப் போக மாட்டார். ஒவ்வொரு டவுட்டையும் முதலில் தானே சோதித்தார். தன்னால் பதில் சொல்ல முடிந்தால் அந்தப் பெண்ணாலும் முடியும். ஆகவே அது கழிவு. கழிவானதை உறுதி செய்ய, பிள்ளைக்குப் புரியும்வரை விளக்கிப் பார்த்தார். அப்பளத்தை உடைத்துப் பின்னம் காட்டினார். தசமப் புள்ளிக்கு ஆட்டோ மீட்டரைப் போட்டோ எடுத்து வந்தார். "இது வேஸ்ட், அடுத்தது" என்று எரிச்சலோடு சொல்வார். இப்படி மூன்று வாரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட டவுட்டுகளை வீணாக்கினார். எட்டு மிஞ்சின.

சொர்ணத்திடம் பெருமையாகக் காட்டினார். சொர்ணம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"அப்ப இது உங்களுக்குத் தெரியாததோட லிஸ்ட்டா சார்?"

"அவளுக்குத் தெரியாததோட லிஸ்ட்டும்மா."

"அவங்களுக்குத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"எனக்கே தெரியலையே!"

சொர்ணம் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

எட்டு போதவில்லை. கடைசியாக வீச ஒன்று வேண்டும். பதிலே இல்லாத ஒன்று. இரண்டு நாள் யோசித்து, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அது வந்தது. எங்கிருந்தோ, எப்போதோ கேட்டதுபோல் இருந்தது. தானே உண்டாக்கியது என்று முடிவு செய்தார். *மைனஸ் இன்டு மைனஸ் ஏன் ப்ளஸ்?* யாராலும் சொல்ல முடியாது. அது ரூல். ரூலுக்குக் காரணம் கேட்டால் யாராக இருந்தாலும் அழுதுவிடுவார்கள். வகுப்பிலேயே தைரியசாலி லாவண்யா என்பதால் அவளிடம் கொடுத்தார். "அவங்க என்ன சொன்னாலும் 'ஏன்'னு கேளு. விடாத. மூணு தடவ ஏன்."

ஜனவரி இரண்டாவது வாரம் எட்டாவது பி-யிலேயே மாதிரி வகுப்பு. எத்திராஜ் சார் இஸ்திரி போட்ட சட்டையில் கடைசி பெஞ்சில், ஸ்ரீலக்ஷ்மி அன்று உட்கார்ந்த அதே இடத்தில், மதிப்பெண் தாளோடு உட்கார்ந்தார். கோவிந்தப்பாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஸ்ரீலக்ஷ்மி பலகையில் தலைப்பை எழுதித் திரும்புவதற்குள் பதினாறு கைகள் மேலே இருந்தன. எத்திராஜ் சார் பெஞ்சுக்கு அடியில் முட்டியைத் தட்டிக்கொண்டார்.

"ஜீரோவால ஏன் மிஸ் வகுக்கக் கூடாது?" ஸ்ரீலக்ஷ்மி பதில் சொன்னார். தலைகீழாகத் திருப்புவது ஏன் என்றார்கள். படம் போட்டுக் காட்டினார். "இருபத்திரண்டு பை ஏழுல அந்த ஏழு எங்கேருந்து மிஸ் வந்துது?" என்று ஷ்ரேயாஸ் கேட்டான்.

"எனக்குத் தெரியல" என்றார் ஸ்ரீலக்ஷ்மி. பலகை ஓரத்தில் கேள்வியை எழுதி, 'தெரியவில்லை' என்று பக்கத்தில் எழுதினார். "ரெண்டு நாள்ல பாத்துட்டு எழுதறேன். உன் ரோல் நம்பர்?"

எத்திராஜ் சாருக்குப் புல்லரித்தது. ஒருங்கிணைப்பாளர், தெரியல! அடுத்து இன்னொரு தெரியல. மூன்றாவது தெரியல. ஆவலோடு மதிப்பெண் தாளில் அதற்கான கட்டத்தைத் தேடினார். ஆறாவது வரியில் இருந்தது: 'தெரியாததைத் தெரியவில்லை என்று ஆசிரியர் சொன்னாரா? ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி கூட்டவும்.' மூன்று புள்ளி கூட்டினார். பேனா தாளைக் கிழித்தது.

லாவண்யாவைப் பார்த்துத் தலையாட்டினார்.

"மிஸ், மைனஸ் இன்டு மைனஸ் ஏன் ப்ளஸ்?"

ஸ்ரீலக்ஷ்மியின் கையிலிருந்த சாக்பீஸ் நின்றது. அவர் லாவண்யாவைப் பார்த்தார். பிறகு வாசலுக்கு வெளியே டிரம்மைப் பார்த்தார். பிறகு கடைசி பெஞ்சைப் பார்த்தார். முகம் கொஞ்சம் வெளுத்தது. அழப்போகிறாள் என்று எத்திராஜ் சார் சற்று முன்னால் சாய்ந்தார்.

"ரொம்ப நல்ல டவுட்" என்றார் ஸ்ரீலக்ஷ்மி, அதையும் பலகை ஓரத்தில் எழுதியபடி. "ரோல் நம்பர் சொல்லும்மா, எழுதிக்கறேன்."

"இது என் டவுட் இல்ல மிஸ்" என்றாள் லாவண்யா. மூன்று வாரமாக உண்மையான டவுட் கேட்டுப் பழகியதில் அவளுக்கு உண்மை பேசுவது கைவந்திருந்தது. "என்னோடது பின்னம். இத சார் குடுத்தாரு."

நாற்பத்தொரு தலைகள் பின்னால் திரும்பின. கோவிந்தப்பாவும் திரும்பினார்.

"அது வந்து..." என்று எழுந்தார் எத்திராஜ் சார். "அது ரூல். ரூல்ல டவுட் கெடையாது."

"ஏன் சார்?" என்றாள் லாவண்யா.

"ஏன்னா, அப்படித்தான்."

"ஏன் சார்?"

"லாவண்யா, உக்காரு."

"மூணாவது ஏன் பாக்கி சார்" என்றாள் அவள்.

மணி அடித்தது. பிள்ளைகள் போனதும் ஸ்ரீலக்ஷ்மி கடைசி பெஞ்சுக்கு வந்தார். அவர் முகத்தில் இப்போது வெளுப்பில்லை.

"இது என் டவுட் சார். பதினேழு வருஷம் முன்னாடி, இதே ரூம்ல, ரோல் நம்பர் முப்பத்தாறு. போய் நின்னு யோசின்னு சொன்னீங்க. மூணு நாள் அந்த டிரம் பக்கத்துல நின்னேன். ஆன்சர் வரல. அதுக்குப் பதிலா வேற ஒண்ணு வந்துது."

"என்னது?"

"ஒம்பதாவது ரூல். அத எழுதினது நான்தான். அஞ்சு ஸ்கூல், இருநூறு டீச்சர், தினம் மூணு டவுட். எல்லாம் உங்களாலதான் சார்." துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "இப்ப எனக்கு இதுக்கு ஆன்சர் தெரியும். அதனால இது என் டவுட் இல்ல. லாவண்யாவோடதும் இல்ல. பலகைல எழுதியாச்சு, ரெஜிஸ்டர்ல ஏறியாகணும். வெள்ளிக்கிழமைக்குள்ள யாரோட டவுட்டுன்னு ரோல் நம்பர் போட்டு வைங்க. அது இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஏன்ரீ இது!" என்றார் கோவிந்தப்பா, ஸ்ரீலக்ஷ்மி போனதும். அவருக்குத் துக்கமும் சந்தோஷமும் ஒரே நேரத்தில் வந்திருந்தன. "எத்திராஜ் அவரே, எய்ட் பி அஞ்சு ஸ்கூல்லயே ஃபர்ஸ்ட். இத்தன டவுட் எங்கேயும் வரல்ல. உங்க ஸ்கோர் நாலு ஆகுது, டென்த் உங்களுக்கே. ஒரே ஒரு நம்பர்தானே? யாரோ ஒரு பையன் நம்பர போட்டுடுங்க, ஆய்த்து."

போட்டுவிடலாம் என்றுதான் எத்திராஜ் சாரும் நினைத்தார். செவ்வாய்க்கிழமை ஷ்ரேயாஸைத் தனியாக அழைத்தார்.

"டேய், இத உன் டவுட்டுன்னு போட்டுக்கலாமா?"

"எனக்கு அதுல டவுட் இல்லையே சார். ரூல்னு நீங்கதான சொன்னீங்க?"

அன்று மத்தியானம் வேறு நான்கு பேர். "அடுத்தவங்க டவுட்ட நான் ஏன் சார் எடுத்துக்கணும்?" என்றான் ஒருவன். வாய்ப்பாடு தெரியாமல் வாயசைத்தவன் அவன்தான். இப்போது அவனுக்கென்று சொந்தமாகப் பதினாறு டவுட்டுகள் இருந்தன, இரவல் தேவைப்படவில்லை.

கடைசி வழியாக, பதிலைக் கண்டுபிடித்துவிட்டால் டவுட்டே இல்லாமல் போய்விடும் என்று நினைத்தார். அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் மூன்று பக்கம் போட்டுப் பார்த்தார். பிரபா எட்டிப் பார்த்தார்.

"என்ன அது?"

"ஒண்ணுமில்ல. ஒரு பொண்ணோட டவுட்டு."

"எந்தப் பொண்ணு?"

எத்திராஜ் சார் நோட்டை மூடிவிட்டார்.

புதன் மாலை எல்லோரும் போன பிறகு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து டவுட் ரெஜிஸ்டரைத் திறந்தார். முன் பக்கங்களில் அவருடைய கையெழுத்தில் வரிசை வரிசையாக இல்லை, இல்லை, இல்லை. தேதியை எழுதினார். டவுட் கட்டத்தில், பிள்ளைகள் எழுதும் உருண்டைக் கையெழுத்தில், 'மைனஸ் இன்டு மைனஸ் ஏன் ப்ளஸ்?' என்று எழுதினார். பதில் கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுத நான்கு நிமிடம் ஆனது. மிஞ்சியது ரோல் நம்பர். எட்டாவது பி-யில் நாற்பத்தொரு பேர். வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். நாற்பத்திரண்டு என்று எழுதி, மூடி, ஒருங்கிணைப்பாளருக்குப் போகும் அடுக்கில் கேசவின் ரெஜிஸ்டருக்கு அடியில் செருகி வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ரெஜிஸ்டர் அவர் மேஜையில் இருந்தது. பதில் கட்டத்தில் பச்சை மையில், அழகான கையெழுத்தில் ஸ்ரீலக்ஷ்மி எழுதியிருந்தார்:

'ரோல் நம்பர் 42: வெளியே போய் நின்று யோசிக்கவும். ஆன்சர் வந்ததும் உள்ளே வரலாம். கையெழுத்து அதற்குப் பிறகு.'

சொர்ணம் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டார். "யார் சார் அது, நாப்பத்திரண்டு? புது அட்மிஷனா?"

"ஆமா" என்றார் எத்திராஜ் சார்.

"பாவம்."

மூன்றாவது பீரியடு எட்டாவது பி. எத்திராஜ் சார் பலகையில் பத்துக் கணக்கு எழுதிப்போட்டார். திரும்பி, "அண்டர்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "போட்டுக்கிட்டு இருங்க. வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

வராந்தாவில் டிரம் இருந்தது. அதன் பக்கத்துச் சுவரில், இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, வெள்ளை பெயின்ட் வழவழவென்று தேய்ந்திருந்தது. எத்தனையோ வருடம் எத்தனையோ பேர் சாய்ந்த இடம். அவர் அங்கே சாய்ந்தால் இடம் முதுகுக்கு எட்டவில்லை; கொஞ்சம் குனிய வேண்டியிருந்தது. குனிந்து நின்றார்.

கோவிந்தப்பா ரவுண்ட்ஸ் வந்தார். "ஏன் சார், வெளிய நிக்கிறீங்க?"

"ஒரு டவுட்டு சார்."

கோவிந்தப்பா எதையோ கேட்க வாயெடுத்து, பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

எத்திராஜ் சார் டிரம்மின் குழாயில் விரலை நனைத்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, சுவரில் கீழிருந்து எழுத ஆரம்பித்தார். மூணு இன்டு மைனஸ் ரெண்டு, மைனஸ் ஆறு. அதற்கு மேலே, ரெண்டு இன்டு மைனஸ் ரெண்டு, மைனஸ் நாலு. அதற்கும் மேலே, ஒண்ணு இன்டு மைனஸ் ரெண்டு, மைனஸ் ரெண்டு. ஜீரோ இன்டு மைனஸ் ரெண்டு, ஜீரோ. ஒவ்வொரு வரிக்கும் ரெண்டு ரெண்டாக ஏறிக்கொண்டே வந்தது. கீழே எழுதியவை வெயிலில் காய்ந்து மறைய ஆரம்பித்திருந்தன.

அடுத்தது மைனஸ் ஒண்ணு இன்டு மைனஸ் ரெண்டு. ஜீரோவில் அவருடைய விரல் நின்றது. பிறகு மெதுவாக மேலே போனது. உள்ளேயிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்த ஷ்ரேயாஸுக்கு, சார் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதாகத் தெரிந்தது.